மேகத்தில் தீப்பிடித்தது!

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. நள்ளிரவு கழிந்து மணி 12-47.

பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பர்க் நகரம் தூங்கிக் கொண்டிருந்தது. ரைன் நதிக்கரையில் ஐந்து அடுக்குக் கட்டிடம் ஒன்று. உள்ளே குடியிருப்பு கிடையாது. எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர்கள். இரவு பகல் ஓயாமல் ஓடுகிறவை.

அந்தக் கட்டிடத்தின் ஓர் அறையில் திடீரென்று தீப்பிடித்தது.

நூறு தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தார்கள். நதி வழியாகத் தீயணைப்புப் படகும் வந்தது. பிரான்சும் ஜெர்மனியும் கூட்டாக வைத்திருக்கும் படகு அது. ரைன் நதித் தண்ணீரையே வாரி இறைத்தார்கள். ஆனாலும் பயன் இல்லை. பொழுது விடிவதற்குள் கட்டிடம் கருகி விட்டது. பக்கத்துக் கட்டிடத்திலும் சில அறைகள் எரிந்தன. நல்ல வேளையாக, உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

காலையில் மக்கள் எழுந்து பார்த்தால், 36 லட்சம் இணையதளங்கள் திறக்கவில்லை! பிரெஞ்சு சர்க்காரின் தகவல் பக்கம் ஒன்று மூடிக் கிடந்தது. கடைகளின் பக்கங்கள் மூடிக் கிடந்தன. "ரஸ்ட்" என்று ஒரு விளையாட்டு. ஐரோப்பாவில் அதை ஆடுகிறவர்களுக்காக ஓடிய 25 சர்வர்கள் எரிந்து போயின. அதில் இருந்த கணக்கு எதையும் மீட்க முடியாது என்று விளையாட்டின் சொந்தக்காரர்கள் கைவிரித்து விட்டார்கள்.

கட்டிடம் ஓ.வி.எச். என்ற கம்பெனிக்குச் சொந்தம். அதை 1999-ல் தொடங்கியவர் ஒக்தாவ் கிளாபா. போலந்தில் பிறந்தவர். அவர் அந்த இரவிலேயே வாடிக்கைக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஆபத்துக் காலத்துக்கு என்று வைத்திருக்கும் ஏற்பாட்டை உடனே தொடங்குங்கள் என்பது செய்தி. ஏற்பாடு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். வைத்திராதவர்கள் திகைத்து நின்றார்கள்.

திகைத்தவர்களில் பலர், தங்கள் இணையதளம் ஏதோ "மேகத்தில்" இருப்பதாக நினைத்துக் கொண்டிருந்தவர்கள்!

மேகம் என்பது என்ன?

மேகம் என்பது வானத்தில் இல்லை. பூமியில்தான் இருக்கிறது. அது ஒரு பெரிய கட்டிடம். அதில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். அவற்றைக் குளிர வைக்க யந்திரங்கள். மின்சாரம் நின்றால் ஓட்டுவதற்கு டீசல் என்ஜின்கள். சென்னையில் அம்பத்தூர் பக்கமும் சிறுசேரிப் பக்கமும் போகிறவர்கள் இப்படிப்பட்ட கட்டிடங்களைப் பார்த்திருக்கலாம். ஜன்னல் அதிகம் இருக்காது. காவல் அதிகம் இருக்கும்.

அப்படியானால் மேகம் என்ற பெயர் எப்படி வந்தது? என்ஜினீயர்கள் காகிதத்தில் படம் போடும்போது, "இதற்கு அப்புறம் உள்ள கம்பிகளும் யந்திரங்களும் நமக்கு வேண்டாத விஷயம்" என்று காட்ட ஒரு மேகம் வரைவார்கள். அதுவே பெயராகி விட்டது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளை ஏமாற்றும் பெயர்.

முன்பெல்லாம் இணையதளம் வேண்டும் என்றால் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். அதை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். உலகத்தின் முதல் இணையதளமே அப்படித்தான் நடந்தது. 1990-ம் ஆண்டு, ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் உள்ள "செர்ன்" விஞ்ஞான நிலையம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், தம்முடைய மேஜையில் இருந்த கறுப்புக் கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்கினார். இரவில் கூட்ட வருகிறவர்கள் சுவிட்சை அணைத்து விட்டால்? உலகத்தில் உள்ள இணையதளம் முழுவதும் அணைந்து விடும்! ஆகவே ஒரு சீட்டில், "இந்த யந்திரம் ஒரு சர்வர். அணைக்காதீர்கள்!!" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி வைத்தார்.

சர்வர் என்றால் ஓட்டல் சர்வர் மாதிரிதான். யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரு வித்தியாசம், இந்த சர்வருக்கு லீவு கிடையாது.

2006-ம் ஆண்டு நிலைமை மாறியது. அமெரிக்காவில் புத்தகம் விற்கத் தொடங்கிப் பெரிய கடையாக வளர்ந்த அமேசான் கம்பெனி, தன்னுடைய கம்ப்யூட்டர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில் உட்கார்ந்து வேலை செய்த ஒரு சிறு கூட்டம். தலைவர் கிறிஸ் பிங்காம். வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் நாலரை ரூபாய்!

லட்ச ரூபாய் போட்டு யந்திரம் வாங்க முடியாதவனும் சர்வரை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஆயிற்று.

ஒண்டுக் குடித்தனம்

ஐந்நூறு ரூபாய் வாடகை கொடுக்கிறவனுக்கு ஒரு முழு யந்திரத்தையும் கொடுத்து விடுவார்களா? மாட்டார்கள்.

ஒரு பெரிய வீட்டில் பத்துக் குடித்தனம் இருப்பதில்லையா? ஆளுக்கு ஓர் அறை. தனித்தனிப் பூட்டு. அதே மாதிரிதான் இதுவும். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல பங்காகத் தடுக்கிறார்கள். தடுப்பு மரப்பலகை அல்ல. கணிப்பு வேலையால் ஆன தடுப்பு. ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக் கொண்டு ஓடும். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே இவருக்குத் தெரியாது.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் விற்கிறார். வெளியூர்க்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்க ஓர் இணையதளம் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

அவர் கம்பெனியில் கணக்குத் தொடங்குகிறார். சர்வர் எந்த ஊரில் வேண்டும் என்று கேட்பார்கள். வாங்குகிறவர்கள் இந்தியாவில் இருந்தால் மும்பையோ, சென்னையோ, பெங்களூரோ நல்லது. அமெரிக்காவில் வைத்தால், ஒவ்வொரு படமும் கடல் தாண்டி வர வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ம் ஆண்டில் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் நிலையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பையில் திறந்தது.

அடுத்தது, எவ்வளவு பெரிய அறை? பாத்திரக் கடைக்குச் சின்ன அறை போதும். மூன்றாவது, உள்ளே எந்த இயக்க முறை? பெரும்பாலும் "லினக்ஸ்". 1991-ல் பின்லாந்து நாட்டில் லைனஸ் தோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கியது. இதற்குக் காசு கிடையாது. யாரும் எடுத்துக் கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தினால், ஒரு நிமிஷத்தில் சர்வர் தயார். வீடு பார்க்க அலைய வேண்டாம். அட்வான்ஸ் வேண்டாம். ஒரு நம்பர் கொடுப்பார்கள். நான்கு எண்கள், நடுநடுவே புள்ளி. அதுதான் கதவு எண்.

அதற்குள் திருடன்!

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். புதுச் சர்வர் உயிர் பெற்றுச் சில நிமிஷங்கள்கூட ஆகாது. அதற்குள் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள்!

ஆள் அல்ல, யந்திரங்கள். உலகம் முழுவதும் கெட்ட எண்ணத்துடன் சிலர் யந்திரங்களை ஏவி விட்டிருக்கிறார்கள். அவை கதவு எண்களை வரிசையாகத் தட்டிக் கொண்டே போகும். "1234" என்று சாவி போட்டுப் பார்க்கும். "அட்மின்" என்று போட்டுப் பார்க்கும். திறந்தால் உள்ளே புகுந்து விடும். பாத்திரக் கடையில் திருட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாங்கியவர்களின் விலாசமும் டெலிபோன் நம்பரும் இருக்கின்றன. அது போதாதா? மேலும், பிடித்த சர்வரைக் கொண்டே அடுத்த சர்வரைத் தாக்குவார்கள். பழி கடைக்காரர் மேல் விழும்.

ஆகவே சாமான் ஏற்றுவதற்கு முன்னால் பூட்டுப் போட வேண்டும்.

சர்வருக்குள் தூரத்தில் இருந்தபடியே நுழைய ஒரு வழி உண்டு. கடவுச்சொல் போட்டு நுழையலாம். ஆனால் சாவிக்கோப்பு வைத்து நுழைவதே உத்தமம். இந்தச் சாவி இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி சர்வரில். மறு பாதி கடைக்காரரின் கம்ப்யூட்டரில். அந்த மறு பாதியை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. தம்பி கேட்டாலும் கூடாது. இப்படிச் செய்த பிறகு கடவுச்சொல் வழியை அடைத்து விட வேண்டும். அப்போது வெளியே நிற்கும் யந்திரம் எத்தனை லட்சம் தடவை சொல்லை மாற்றிப் போட்டாலும் கதவு அசையாது.

சர்வரில் "ரூட்" என்று ஒரு பெயர் உண்டு. சகல அதிகாரமும் அதற்கு. ஒரு வரியில் எல்லாவற்றையும் அழித்து விடவும் அதனால் முடியும். அன்றாட வேலைக்கு அந்தப் பெயரில் நுழைவது ஆபத்து. சாதாரணப் பெயர் ஒன்றை உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

இன்னொன்று: சர்வருக்கு ஆயிரக்கணக்கான கதவுகள் உண்டு. 65 ஆயிரத்துக்கும் மேல்! கடைக்கு வேண்டியவை மூன்றே மூன்று. 22-ம் நம்பர், சொந்தக்காரர் நுழைவதற்கு. 80-ம் நம்பரும் 443-ம் நம்பரும் வாடிக்கைக்காரர்களுக்கு. மற்றவற்றை அடைத்து விட வேண்டும். சிலர் அவசரத்தில் 22-ஐயும் சேர்த்து அடைத்து விட்டு, தம் வீட்டு வாசலில் தாமே நின்று தவிப்பார்கள். முதலில் திறக்க வேண்டியதைச் சொல்லி விட்டு, பிறகு அடைப்பதே முறை.

பூட்டுப் போட்ட பிறகு கடை விரிக்கலாம். பக்கங்களை எடுத்துக் கொடுக்க ஒரு வேலைக்காரன் வேண்டும். "என்ஜின்-எக்ஸ்" என்று ஒருவன் இருக்கிறான். ரஷ்யர் இகோர் சிசோயேவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1995 முதல், "அப்பாச்சி" என்று ஒருவன் உண்டு. இருவருக்கும் சம்பளம் கிடையாது. கடையின் பக்கங்களையும் படங்களையும் குறிப்பிட்ட அறையில் வைத்து விட்டால், வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். கதவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் குத்துவிளக்குப் படம் தெரியும். பார்த்ததும் கடைக்காரருக்கு வரும் சந்தோஷம் கொஞ்சமா!

பெயர்ப் பலகை

ஆனால் வாடிக்கைக்காரர்களிடம் போய், "நான்கு எண்ணையும் புள்ளியோடு ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா? பெயர் வேண்டும்.

இந்தப் பெயர் விவகாரத்தில் ஒரு பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு. எலிசபெத் பைன்லர் என்பது அவர் பெயர். 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் உலகத்தில் இணைந்திருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியல் ஒரே இடத்தில்தான் இருந்தது. கலிபோர்னியாவில் அவருடைய அலுவலகத்தில்! புதுக் கம்ப்யூட்டருக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றால் அங்கே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எல்லா ஊர்க்காரர்களும் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து வைத்துக் கொள்வார்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தவரை சரி. ஆயிரக்கணக்கில் ஆனால்? 1983-ம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். பட்டியலைப் பல பேரிடம் பிரித்துக் கொடுத்து விட்டார். "காம்" என்று முடியும் பெயரெல்லாம் ஒருவரிடம். "இன்" என்று முடியும் பெயரெல்லாம் இன்னொருவரிடம். கேட்கிறவன் ஒருவரை ஒருவராக விசாரித்துக் கொண்டே போய்க் கதவு எண்ணைத் தெரிந்து கொள்ளலாம். ஊருக்குப் புதியவன் முதலில் தபாலாபீசில் கேட்டு, பிறகு தெருக்கோடிக் கடையில் கேட்டு, வீட்டைக் கண்டுபிடிப்பது போல! இத்தனை விசாரணையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து விடுகிறது.

பாத்திரக் கடைக்காரர் ஒரு பதிவாளர் கம்பெனியில் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். தமிழிலேயே பெயர் வைக்கவும் இப்போது வழி இருக்கிறது. ".இந்தியா", ".இலங்கை", ".சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்தில் முடியும் பெயர்கள் உண்டு. சிங்கப்பூர் என்றதும் ஆசிரியர் நா. கோவிந்தசாமியை நினைக்காமல் இருக்க முடியாது. 1995-ம் ஆண்டிலேயே, நான்கு மொழிக் கவிதைகள் கொண்ட சிங்கப்பூர் இணையதளத்தில் தமிழ் எழுத்தை ஏற்றிக் காட்டியவர் அவர்.

பெயர் கிடைத்ததும், "இந்தப் பெயருக்கு இந்தக் கதவு எண்" என்று பதிவாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செய்தி எல்லா இடங்களுக்கும் பரவச் சில நிமிஷம் ஆகலாம். சில மணி நேரமும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெயர் யாருக்கும் சொந்தம் இல்லை. வாடகைதான். புதுப்பிக்க மறந்தால் வேறொருவர் எடுத்துக் கொள்வார். புதுப்பித்தாலும் ஏமாற்றம் வரலாம் என்பதற்கு ஒரு வேடிக்கை நடந்தது. 2015-ம் ஆண்டு செப்டம்பரில், கூகிள் கம்பெனியின் முன்னாள் ஊழியர் சன்மய் வேத், பெயர் விற்கும் பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். இவர் குஜராத்திக்காரர். "கூகிள்.காம்" விற்பனைக்கு என்று வந்தது! விலை 12 டாலர். அவர் வாங்கியே விட்டார். ஒரு நிமிஷம் உலகத்தின் மிகப் பெரிய பெயர் அவர் கையில் இருந்தது. உடனே கூகிள் விற்பனையை ரத்து செய்து விட்டது. பிறகு அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அதைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கூகிள் பரிசை இரட்டிப்பாக்கிக் கொடுத்தது.

சீல் வைத்த கவர்

பெயர் வந்து விட்டது. ஆனால் வாடிக்கைக்காரர் அனுப்பும் விலாசமும் பணக் கணக்கும் வழியில் கார்டு மாதிரி திறந்து போகும். இடையில் இருப்பவர் படிக்கலாம். அதைச் சீல் வைத்த கவராக மாற்ற ஒரு சான்றிதழ் வேண்டும். பக்கத்தின் விலாசத்தை ஒட்டிச் சிறு பூட்டுப் படம் தெரிந்தால் சான்றிதழ் இருக்கிறது என்று அர்த்தம். முன்பு இதற்குப் பணம் பறித்தார்கள். 2015-ம் ஆண்டு முதல் "லெட்ஸ் என்கிரிப்ட்" என்ற தர்ம ஸ்தாபனம் இலவசமாகவே கொடுக்கிறது. அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அதையும் சர்வரே தானாகச் செய்து கொள்ளும்படி வைத்து விடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். பூட்டுப் படம் இருப்பதால் கடைக்காரர் யோக்கியர் என்று ஆகி விடாது. கவர் பிரிக்கப்படவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

பத்திரத்தின் நகல்

இனிக் கடை நடக்கும். ஆர்டர் வரும். ஆறு மாதத்தில் ஐந்நூறு வாடிக்கைக்காரர் பெயர் சேர்ந்து விடும். கடையின் உயிரே அந்தக் கணக்கில் இருக்கும். அது அழிந்தால்?

தீயினால்தான் அழியும் என்பது இல்லை. 2017-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அமேசான் நிலையத்தில் ஓர் ஊழியர் ஒரு கட்டளையை அடித்தார். சில சர்வர்களை நிறுத்த நினைத்தார். கட்டளையில் ஓரிடம் பிசகி விட்டது. நினைத்ததை விட ஏராளமான சர்வர்கள் நின்று விட்டன. சுமார் நான்கு மணி நேரம் அமெரிக்காவில் எத்தனையோ இணையதளங்கள் தள்ளாடின. இதில் வேடிக்கை, "எங்கள் நிலையம் சரியாக இல்லை" என்று அறிவிக்க வேண்டிய அமேசானின் பலகையும் அதே சர்வர்களை நம்பி இருந்தது. ஆகவே அந்தப் பலகையில் எல்லாம் நலம் என்றே காட்டிக் கொண்டிருந்தது!

நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். ஸ்திராஸ்பர்க் தீயில் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, நகல் வைக்கத் தனியாகப் பணம் கட்டியிருந்தது. நகல் எங்கே இருந்தது? எரிந்து போன அதே கட்டிடத்தில்! அந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டில் லீல் நகர வணிகக் கோர்ட்டு, சுமார் ஒரு லட்சம் யூரோ நஷ்ட ஈடு கொடுக்கும்படி ஓ.வி.எச்.சுக்கு உத்தரவு போட்டது. பணம் கொடுக்கச் சொல்லலாம். எரிந்த கணக்கைத் திருப்பிக் கொடு என்று எந்த நீதிபதி சொல்ல முடியும்?

பாத்திரக் கடைக்காரர் மூன்று நகல் வைத்திருப்பது நல்லது. ஒன்று சர்வரிலேயே. இன்னொன்று வேறு ஊரில், முடிந்தால் வேறு கம்பெனியில். மூன்றாவது கடையில், பீரோவில் பூட்டிய ஒரு டிஸ்க்கில். மாதம் ஒரு முறை ஒரு நகலை எடுத்து, அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத நகலை வருஷக் கணக்கில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் உண்டு.

மீட்டர் ஓடுகிறது

செலவு எவ்வளவு? சின்ன சர்வருக்கு மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய். பெயருக்கு வருஷம் ஆயிரம். லினக்சும் சான்றிதழும் இலவசம். வெளியூரில் நகல் வைக்கக் கொஞ்சம் கூட ஆகும். பஜாரில் ஒரு கடைக்குக் கொடுக்கும் வாடகையோடு பார்த்தால் இது ஒன்றும் இல்லைதான்.

ஆனால் சில கம்பெனிகளில் டாக்சி மாதிரி மீட்டர் உண்டு. ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் காசு. வெளியே போகிற ஒவ்வொரு படத்துக்கும் காசு. சோதனைக்காக ஒரு பெரிய சர்வரைத் தொடங்கி விட்டு மறந்து போனால், மாதக் கடைசியில் பில் வரும்போது தலை சுற்றும். இவ்வளவு தொகையைத் தாண்டினால் கடிதம் அனுப்பு என்று முதல் நாளே கம்பெனியிடம் சொல்லி வைக்க வசதி இருக்கிறது. பணம் கட்டும் கார்டு காலாவதி ஆகும் தேதியையும் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

"சர்வரை அணைத்து விட்டேனே, பிறகு ஏன் பில்?" என்று கேட்கிறவர்கள் அநேகம். வீட்டைப் பூட்டிக் கொண்டு வெளியூர் போனால் வாடகை இல்லையா? பல கம்பெனிகளில் அதே கணக்குத்தான். அணைத்தால் போதாது, காலி செய்ய வேண்டும். காலி செய் என்ற பொத்தானை அழுத்திய நிமிஷமே, உள்ளே இருக்கும் பக்கங்கள், படங்கள், ஆர்டர் கணக்கு அத்தனையும் போய் விடும். ஆகவே கடைக்காரர் முதலில் தம்முடைய சாமான்களை எல்லாம் இறக்கிக் கொண்டு, பீரோவில் உள்ள டிஸ்க்கை ஒரு முறை திறந்து பார்த்து விட்டு, அப்புறம்தான் அந்தப் பொத்தானில் கை வைக்க வேண்டும்.